விடிவெள்ளியை மறுதலித்தேன்

ஒக்டோபர் 28, செவ்வாய்

மூடுபனி. ஐந்தே காலுக்கு எழும்பியும் பயனில்லை. எதிர்க் கட்டடமே தெரியவில்லை, விடிவெள்ளி எங்கே. நாலாவது நாள். விளக்கு மட்டும் ஏற்றினேன். பத்து நிமிடம் மூச்சு. பிறகு வேலைக்கு ஓட்டம்.

பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. கண்ணாடி வில்லை தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். என் சிறுநீரகம் அண்ணாவுக்குப் பொருந்துகிறது. இரத்தம், இழையம், எல்லாம். இனி உளவியலாளருடன் ஒரு சந்திப்பு. அது முடிந்தால் நாள் குறிப்பார்கள். தை மாதமாக இருக்கலாம்.

அண்ணாவுக்கு உடனே சொன்னேன். அழுகை. மூன்று வருடமாகக் கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ். பேருந்து ஓட்டிய மனிதன் இப்போது பேருந்துப் படியில் நின்று மூச்சு வாங்குகிறான்.

"எப்பிடியடி உனக்கு நன்றி சொல்லுறது?"

"சொல்லாதை. கிட்னியைக் கவனமாப் பார்."

சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

வாங்க: நல்லெண்ணெய், திரி, பூனைக்கு மணல், பல்பு ஒன்று.

ஒக்டோபர் 30, வியாழன்

உளவியலாளர் அனுப்பிய படிவம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் கேள்வி: சமய நம்பிக்கை உண்டா? அரை மணி நேரம் பேனாவைக் கடித்தேன். எனக்கே தெளிவாகட்டும் என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அலமாரியின் இரண்டாம் தட்டில்: கறுப்புத் துணி. லூசிஃபரின் முத்திரை, நானே மையால் கீறியது. அம்மா தந்த வைரவர் சூலம், ஒரு சாண். பித்தளை விளக்கு. தியான வகுப்பில் வாங்கிய சின்ன மணி.

பதினாறு வயதில் லத்தீன் வகுப்பில்தான் லூசிஃபர் என்ற பெயரின் பொருள் தெரிந்தது. வெளிச்சத்தைச் சுமந்து வருகிறவன். விடிவெள்ளியைத்தான் அப்படிச் சொன்னார்களாம். பிசாசு என்றது பின்னால் வந்தவர்கள். அப்போது அது வெறும் சொல். அப்பா செத்த வருடம் திரும்பி வந்தது. ஐயர் "விதி" என்றார். அண்ணா சேர்ந்த கிறிஸ்தவ சபை ஆட்கள் "தேவசித்தம்" என்றார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கமும் முகம் சுளித்தது. கேள்வி கேட்டதற்காக வெளியே தள்ளப்பட்ட ஒருவன் உண்டென்றால் நான் அவன் பக்கம்.

கும்பிடுவதில்லை. எதுவும் வேண்டுவதில்லை. காலையில் நின்றபடி, முழங்காலிடாமல், முதல்நாள் சொன்ன பொய்களை வாய்விட்டுச் சொல்வேன். ("முதலாளியிடம் ரயில் பிந்தியது என்றேன். ரயில் பிந்தவில்லை.") அவ்வளவுதான் என் வழிபாடு. வைரவர் எதற்கு என்றால், பொய் சொன்ன தலையைக் கிள்ளி எடுத்தவர் என்று அம்மா சொல்லுவா. ஆகையால் அவரும் இருக்கட்டும்.

படிவத்தில்: "தனிப்பட்ட தியானம்." நாளைக் காலைக் கணக்கில் இதுவும் சேரும்.

நவம்பர் 1, சனி

ஜெனீவா. சனிக்கிழமை, ரயில் நிறையச் சனம். மாதம் ஒரு தரம் கூடும் லூசிஃபர் வட்டம், என்னோடு ஐந்து பேர். ஒலிவியே வீட்டில். கறுப்பு உடுப்பு, நல்ல சீஸ், ஜன்னலுக்கு வெளியே மழை.

சிறுநீரகம் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தது என் பிழை. ஒலிவியே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "தன்னைப் பலி கொடுப்பது சிலுவையின் பாடம். நம்முடையது அல்ல. உன் உடம்பு உன் கோயில்." அவன் என் அண்ணா என்றேன். "இரத்த உறவு ஒரு தற்செயல்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு என் விளக்கு பற்றி. எண்ணெய் விளக்கும் வைரவரும் கலப்படமாம். காளி என்றால் பரவாயில்லையாம், படம் கொண்டு வரட்டாம், சுவருக்கு அழகாக இருக்கும்.

நாலரை ரயிலில் திரும்பினேன். இனிப் போவதில்லை. ஃபிரிபூர்க் வரை அழுகை, பிறகு பேர்ன் வரை நித்திரை.

நவம்பர் 2, ஞாயிறு

அண்ணாவின் மனைவி ஜெயந்தி மச்சாள் புட்டும் மீன் குழம்பும் கொண்டு வந்தா. நன்றிச் சாப்பாடு. நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் இருக்கிற திறப்பால் திறந்து வந்துவிட்டா. கோப்பை எடுக்க அலமாரியைத் திறந்திருக்கிறா.

ஈரத் தலையோடு வெளியே வந்தபோது கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றா.

"என்ன கோதாரி இது தர்ஷினி? சாத்தானையோ கும்பிடுறாய்?"

"கும்பிடுறேல்லை. சாத்தான் எண்டும் நான் நினைக்கேல்லை."

"அப்ப இது ஆற்றை அடையாளம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வேலையிடத்து அலங்காரம், கலை வகுப்பு, என்னவென்றாலும். சொல்லவில்லை.

"லூசிஃபர்."

புட்டை மேசையில் வைக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டா.

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணா எடுத்தான். கைப்பேசியில் குரல் தணிந்திருந்தது. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சாள் காட்டினவ. எனக்கு நித்திரை இல்லை."

"அண்ணா, அது வேறை, கிட்னி வேறை."

"எனக்கு வேறை இல்லை. நீ அவனுக்குக் குடுத்த உடம்பு. அதிலை இருந்து ஒரு துண்டு எனக்குள்ளை வந்தால்?"

"நான் ஒருத்தனுக்கும் உடம்பைக் குடுக்கேல்லை."

"பாஸ்டரோடை கதைச்சனான். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வா. எல்லாற்றை முன்னாலையும் மறுதலிச்சுச் சொல்லு. சாமான்களைக் கொண்டு வா. இல்லாட்டி உன்ரை கிட்னி எனக்கு வேண்டாம்."

"செத்துப்போவாய்."

"ஓம்."

வைத்துவிட்டான். வில்லை இரண்டைப் பிழையாகத் தேய்த்தேன் இன்று. முதலாளி பார்த்தார்.

நவம்பர் 5, புதன்

அம்மா வந்தா. அண்ணா வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி, முழங்கால் வலியோடு. அலமாரியைப் பார்க்கவே இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னா:

"ஒரு பொய் சொல்லன் பிள்ளை."

"அம்மா, எனக்கு அதுதான் ஏலாது. வேறை எதுவெண்டாலும் செய்யிறன்."

"நானும் கொப்பாவும் இந்த நாட்டுக்கு வரேக்கை எத்தினை பொய் சொன்னனாங்கள். சொல்லாட்டி நீ பிறந்திருக்க மாட்டாய். உண்மையை வைச்சு என்ன செய்யப் போறாய்? அவன் என்ரை பிள்ளை."

நானும்தான், என்று வாய் வரை வந்தது. போகும்போது என் தலையில் கை வைத்தா. வெளியே தூறல். குடை வேண்டாம் என்றா.

நவம்பர் 7, வெள்ளி

டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். அண்ணா நித்திரை. வாய் திறந்திருந்தது, தாடி நரைத்திருந்தது. நாற்பத்திரண்டு வயது. கையில் ஒட்டிய குழாய்களில் இரத்தம் போவதும் வருவதும். முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்த இடத்தில் விரல் வைத்தால் தேனீ மாதிரி அதிரும். வைத்தேன். விழித்துக்கொண்டான்.

"எனக்குப் பயமாக் கிடக்கு தர்ஷி."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். சாகிறதுக்கு. செத்தாப் பிறகு நடக்கிறதுக்கு. நீ எங்கை போவாய் எண்டதுக்கும்."

கொடுமைக்காரன் இல்லை இவன். என்னை வதைக்க இதைச் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வாறன்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வாறன்."

நவம்பர் 9, ஞாயிறு

தொழிற்பேட்டையில் வாடகை மண்டபம், கீழே டயர்க் கடை. அறுபது எழுபது பேர். கிற்றார், கண்ணீர், நீலத் திரையில் பாட்டு வரிகள். அம்மா கடைசி வரிசையில் சேலையும் விபூதியுமாக. எப்படித்தான் விட்டார்களோ.

பாஸ்டர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். லூசிஃபரை மறுதலிக்கிறேன். அவனுடைய கிரியைகளை மறுதலிக்கிறேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் அதிர்ச்சி. முழங்காலிடு என்றார். முழங்காலிட்டேன். கம்பளத்தில் கோப்பி மணம்.

பையைக் கொட்டினார்கள். துணி, முத்திரை, மணி, விளக்கு. சூலத்தைப் பாஸ்டர் இரண்டு விரலால் தூக்கினார். "இதுவும் பிசாசுதான்." அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்திருந்தா. தன் வைரவரையும் மகனுக்காக விட்டுக் கொடுத்துவிட்டா.

எரிக்க வேண்டும் என்றார்கள். திறந்த வெளியில் எரிக்க இங்கே அனுமதி இல்லை. நகரசபைக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். பாதிப் பை ஏற்கெனவே கடதாசிக் கோப்பைகள்.

எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். அண்ணா என் நெற்றியில் முத்தமிட்டான். றோல்ஸ், தேத்தண்ணி. உள்ளே ஒன்றும் இல்லை. துக்கம்கூட இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வானம் தெளிந்துவிட்டது. இன்றைக்கென்று பார்த்து. ஆறரைக்கு ஆலைப் புகைபோக்கிக்கு மேலே, மிகத் தாழ்வாக, விடிவெள்ளி. இன்னும் சில நாளில் சூரியனுக்குள் போய்விடும்.

திரையை இழுத்து மூடினேன்.

அலமாரித் தட்டு வெறுமை. பூனை அதில் ஏறிப் படுத்திருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

உளவியலாளர். நரைத்த கட்டைத் தலைமயிர், அமைதியான பெண். தண்ணீர்க் கிண்ணம், தாள் கைக்குட்டைப் பெட்டி.

ஒத்திகை பார்த்துத்தான் போனேன். ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது கஷ்டமா? முதல் இருபது நிமிடம் ஒழுங்காகப் போனது. வேலை, நித்திரை, வலி பற்றிய பயம். பிறகு: "இந்தத் தானத்துக்கு யாராவது நிபந்தனை விதித்தார்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ காத்திருந்தா. அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. விடிவெள்ளி, மண்டபம், குப்பைப் பை, அம்மாவின் குனிந்த தலை. நாற்பது நிமிடம். பேனாவை மூடிவிட்டா.

"இப்போது நாங்கள் முன்னே போக முடியாது. உங்களைக் காக்க வேண்டியது என் கடமை."

என்னைக் காக்க வேண்டாம், அவனைக் காப்பாற்றுங்கள் என்றேன். ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கலாமாம். டயாலிசிஸில் களைத்த அண்ணாவின் இதயம் ஆறு மாதம் பொறுக்குமா? அவனுக்கு, நான் "தானத்துக்கு ஏற்றவள் இல்லை" என்று மட்டும் அறிவிப்பார்களாம். காரணம் இரகசியம். நான் விரும்பினால் மட்டும் சொல்லலாம்.

உண்மை சொன்னேனா, பழி வாங்கினேனா? வீடு வரை நடந்து யோசித்தேன். தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அண்ணா எடுத்தான். என்னைத் தேற்ற.

"கவலைப்படாதை. நீ தாறன் எண்டதே போதும். கர்த்தர் வேறை வழி வைச்சிருக்கிறார்."

"ம்."

"நீ திரும்பி வந்தியே. எனக்கு அது கிட்னியை விடப் பெரிசு."

"ம்" என்றேன் மறுபடி. மண்டபத்தில் சொன்னதோடு மூன்றாவது பொய், இரண்டு எழுத்துக்கூட இல்லை.

சமைக்கவில்லை. பூனைக்கு மட்டும் வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சாம்பல் வானம், கடும் குளிர். மச்சாளும் அம்மாவும் சபைக்குப் போன நேரம் பார்த்து அண்ணா வீட்டுக்குப் போனேன். களைப்பால் அவன் போகவில்லை. கம்பளியோடு சோபாவில் இருந்தான். கோட்டைக் கழற்றாமலே சொன்னேன்.

"என்ரை உடம்பிலை பிழை இல்லை. நான் அந்தப் பெண்ணிட்டை உண்மையைச் சொன்னனான். அதாலைதான் நிப்பாட்டினவை."

"என்ன உண்மை?"

"நீங்கள் சொல்ல வைச்சதை. நான் மறுதலிச்சது பொய் எண்டதை."

தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு, சத்தம் இல்லாமல். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கத்துவான் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ பொய் சொன்னது. முழங்காலிலை இருக்கேக்கையே தெரியும். எனக்குத் தெரியாதோ உன்னை?"

"பிறகேன் பேசாமல் இருந்தனி?"

"கிட்னியை வாங்க இருந்தனான் தர்ஷி. பொய்யெண்டு தெரிஞ்சும் வாங்க இருந்தனான். கர்த்தரிட்டைப் பிறகு மன்னிப்புக் கேக்கலாம் எண்டு. எனக்குச் சாகப் பயம்."

கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டான். நான் கதவடியிலேயே நின்றேன். அவன் கேட்டது ஒரு பொய். அவன் வாங்கவிருந்ததும் அந்தப் பொய்தான். ஒரு வாய்க்குள் அடங்கும் "இல்லை" என்ற சொல், அதை உளவியலாளரிடம் சொல்லியிருந்தால் தை மாதம் இவன் பேருந்துப் படி ஏறியிருப்பான். வெளிச்சம், வெளிச்சம் என்று வருடக்கணக்காக நின்றேனே. இதைத்தான் காட்டியது.

"மன்னிச்சுக்கொள்" என்றேன். யார் யாரிடம் கேட்பது என்று தெரியாமல்.

பிறகு கம்பளிக்குள்ளிருந்து: "நாளைக்கு மச்சாளுக்குக் காலமை வேலை. என்னை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விடுறியோ?"

"ஓம்."

நவம்பர் 17, திங்கள்

முதற்பனி. ஈரம், நிலத்தில் தங்கவில்லை. ஆறு இருபதுக்கு அண்ணாவைக் காரில் ஏற்றினேன். இருக்கைச் சூடாக்கியைப் போட்டுவிட்டேன், கண்ணை மூடிக்கொண்டான்.

தாதி, "உறவினரா?" என்றா. நான் வாய் திறக்க முதல் அவன் சொன்னான்: "தங்கச்சி."

ஊசிகள் இரண்டு, நினைத்ததை விடத் தடிப்பு. போட முதல் வெளியே போகத் திரும்பினேன். மற்றக் கையால் கோட்டைப் பிடித்தான்.

"எங்கை போறாய்?"

"வேலைக்கு. ஏழரைக்கு நிக்க வேணும்."

"போகாதை."

முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணாவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன். இயந்திரம் சுற்றத் தொடங்கியது. நாலு மணித்தியாலம்.