நீ ரூட் பண்ணிய போன்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு அச்சகத்தில் மறுபடியும் பகல் வேலை கொடுத்துவிட்டார்கள், மூட்டுவலி பரவாயில்லை, புதுக் கண்ணாடியோடுதான் தினமும் சண்டை. சின்னவள் பரீட்சையைச் சுமாராக எழுதியிருக்கிறாளாம், அவள் சுமார் என்றால் பிரமாதம் என்று உனக்கே தெரியும். போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், என் போன் ஆபீசில் ஒரு கவருக்குள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அப்பா போனிலிருந்து கூப்பிட்டால் நான்கு நாளாக நீ எடுப்பதில்லை. கடிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது.

நீ லீவில் வந்தபோது என் போன் மெதுவாக இருக்கிறது என்று சமையலறைத் தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒரு ஞாயிறு மத்தியானம் முழுக்க என்னவோ செய்தாய். இதனால் ஒன்றும் ஆகாதே, வேலைக்கான போனாயிற்றே என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "நான் பண்றேன்ல, என்னை நம்பும்மா" என்றாய். நம்பினேன். போனும் பறந்தது, ஊரெல்லாம் உன் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஆபீஸ் ஆப்பைப் புதுப்பித்தார்கள். நான் நோயாளி வீட்டு வாசலில் நின்று வருகையைப் பதிவு செய்தால் இது ரூட் செய்யப்பட்ட போன், பதிவு செல்லாது என்று வந்தது. மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். ரூட் பண்ணிய போனில் இருக்கிற இடத்தைப் பொய்யாகக் காட்டலாமாம், வீட்டில் உட்கார்ந்துகொண்டே நோயாளியைப் பார்த்ததாகப் பதிவு போட்டீர்களா என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக மாடிப்படி ஏறி இறங்கிப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவளைப் பார்த்துக் கேட்டார்கள்.

அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு, நீதான் ஏதாவது பண்ணினாயா என்று கேட்டேன் இல்லையா? நீ என்ன சொன்னாய்? "தேவையில்லாததை அழிச்சேன், அவ்வளவுதான். உடைஞ்ச கண்ணாடிய மாத்தப் போனை ரிப்பேர் கடையில குடுத்தியே, அவன்தான் பண்ணியிருப்பான்." கொஞ்சமும் தயங்காமல் சொன்னாய். என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று அதையே ஆபீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதோடு விட்டேனா, நேரே கடைக்குப் போய், நான்கு பேர் நிற்கும்போது அந்த மனுஷரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் போனை வாங்கி எதையோ திறந்து, ரூட் பண்ணிய தேதியைக் காட்டினார். நீ லீவில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் கடையில் கொடுத்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் தண்ணீர் கொடுத்தார். ரூட் பண்ணுவதென்றால் போனைச் செய்த கம்பெனி நமக்குத் தராமல் பூட்டி வைத்த சாவியையும் நாமே எடுத்துக்கொள்வதாம். வேண்டாததைத் தூக்கிப் போடலாம், வேகமாக ஓடும், ஆனால் கெட்ட ஆப் ஒன்று நுழைந்து அதற்கும் அந்தச் சாவி கிடைத்தால் வீடு முழுக்க அதன் கையில். "தெரிஞ்சவங்க சும்மா கிடக்கிற போன்ல பண்ணிப் பார்க்கலாம்க்கா, பேங்குக்கும் வேலைக்கும் வெச்சிருக்கிற போன்ல பண்ணக் கூடாது" என்றார். அப்படியானால் பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்றேன். இப்போது வேண்டாம், ஆக்கினால் இந்தத் தேதியும் அழிந்துவிடும், உங்களுக்கு வேறு சாட்சி இல்லை என்றார். நான் திட்டித் தீர்த்த மனுஷர் என் நல்லதை யோசிக்கிறார், நான் பெற்றவன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான்.

பையன் தெரியாமல் பண்ணிவிட்டான், விடு என்கிறார் அப்பா. ரூட் பண்ணியது தெரியாமல் செய்ததாகவே இருக்கட்டும். கடைக்காரர் மேல் பழியைப் போட்டது தெரிந்து செய்ததுதானே? பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் கூட என் மனசு ஆறியிருக்கும். உன் பேச்சைக் கேட்டு நானும் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் ஆகிவிட்டேன். போன திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் முன்னே எழுதியது தப்பு, பண்ணியது என் மகன் என்று உண்மையைச் சொல்லிப் போனையும் ஒப்படைத்தேன். அதுவரை ஓரளவு தன்மையாகப் பேசிக்கொண்டிருந்த மேலதிகாரி அம்மாள் அதற்குப் பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை. முடிவாகும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நான் இத்தனை நாள் பார்த்துவந்த மூன்றாவது மாடி டிராயிங் வாத்தியார் காலுக்கு இப்போது வேறொரு பெண் கட்டுப் போடுகிறாளாம், நான் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

என்ன செய்தாய், எந்தத் தேதியில், எதற்காக என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆபீசில் முடிவு செய்கிற பன்னிரண்டாம் தேதிக்குள் வர வேண்டும், மறந்துவிடாதே. கடைக்காரருக்குத் தனியாகப் போன் பண்ணி மன்னிப்புக் கேள், நம்பர் சின்னவளிடம் இருக்கிறது. அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வாய் சொல்கிறது. அன்றைக்கு ஆபீசிலிருந்து கிளம்பும்போது அந்த மேலதிகாரி அம்மாள் ஒரு கேள்வி கேட்டார், உங்கள் மகன் இதை ஒத்துக்கொண்டு எழுதித் தருவாரா என்று. தருவான் என்று சட்டென்று சொல்ல வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கும்
அம்மா