அப்பா காதில் கடல் தண்ணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. அங்க நீ சுகமா இருப்பேன்னு நம்புறேன், இங்க நானும் உன் தம்பியும் சுகம். உங்கப்பாவும் சுகம்தான், ஆனா வலது காதுல கடல் தண்ணி போயிருக்கு. அது எப்படிப் போச்சுன்னு சொல்லத்தான் உக்காந்தேன்.

போன வாரம் கண் டாக்டரைப் பாக்கப் போறேன்னு கிளம்பின மனுஷன், சாயங்காலம் நெத்தியிலேர்ந்து மூக்குக்குக் கீழ வரைக்கும் வட்டமா ஒரு தடத்தோட வந்து நிக்கிறாரு. என்னங்க இதுன்னா, புது மிஷின்ல முகத்தை வச்சு அழுத்திட்டாங்களாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு, தலையெல்லாம் உப்பு. மறுநாளே எதிர்வீட்டுப் படகுக்காரர் பொண்டாட்டி துணி காயப்போட வந்தவ எல்லாத்தையும் கொட்டிட்டா. நீ ஆபீஸ் வேலையை விட்டுட்டு டைவிங் சொல்லிக்குடுக்கப் போனதிலேர்ந்து உன்கூடப் பேசாத அதே மனுஷன், நம்ம கலங்கரை விளக்கத்தைச் சுத்தி இருக்கிற பவளப்பாறையைப் பாக்க, முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்கியிருக்காரு. வீட்டுல மூச்சு விடாதீங்கன்னு படகுக்காரர்கிட்ட கெஞ்சினது படகுல இருந்த டைவிங் பயிற்சிக்காரர் காதுல அரைகுறையா விழுந்து, ஐயா, தண்ணிக்குள்ள மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கிட்டே இருக்கணும்னு முதல்லேர்ந்து பாடம் நடத்தினாராம். அதோட விட்டுதா. உள்ள போனதும் எல்லாம் சரியான்னு பயிற்சிக்காரர் விரலை வளைச்சு வட்டம் காட்டிக் கேட்டிருக்காரு. நம்ம ஆளு காலமெல்லாம் பஸ் கண்டக்டரா இருந்தவராச்சே, கட்டை விரலைத் தூக்கி போலாம் ரைட்னு காட்டிட்டாரு. உனக்குத் தெரியாததா, தண்ணிக்குள்ள அதுக்கு என்னை மேல கூட்டிட்டுப் போன்னு அர்த்தமாமே. அவரும் கையோட மேல இழுத்துட்டு வர, ஏன்யா கொண்டுவந்தேன்னு சண்டை. திரும்ப இறக்கினா திரும்பவும் ரைட். மூணாவது தடவை, இந்த வண்டி ஸ்டாப்பை விட்டே நகராது போலிருக்கேன்னு படகுக்காரர் சிரிச்சிருக்காரு. கடைசியில கட்டை விரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி வச்சுக்கச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்களாம்.

அப்புறம் மேல வரவே மாட்டேன்னுட்டாராம், மீன் பின்னாடியே போறாராம். படகுல ஏறினதும் துண்டால முகத்தை மூடிக்கிட்டு, இதை விட்டுட்டு எம்பொண்ணு எப்படி ஆபீஸ்ல உக்காந்திருப்பான்னு கேட்டாராம். எனக்கு அழுகை வந்துச்சுடி. அடுத்த நிமிஷம் கோவமும் வந்துச்சு. ரெண்டு வருஷமா சாப்பிட்டாளான்னு கேளு, மாத்திரை போட்டாரான்னு கேளும்மான்னு உங்க ரெண்டு பேருக்கும் தூது போய் என் வாய்தான் வலிக்குது. நீயும் அவருக்குத் தப்பாம பொறந்தவ. ஞாயித்துக்கிழமை போன் பண்றப்ப நேரா அவரைக் கூப்பிடு. கண் எப்படி இருக்குன்னு விசாரி, கடலைப் பத்தி வாயைத் திறக்காத.

நல்லா இரு, நூறு வயசு இரு. ஈரத்தலையோட தூங்காத.

இப்படிக்கு,
உன் அம்மா

ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி உங்கம்மா இதை என்கிட்டதான் குடுத்தா. படிச்சேன். நான் கட்டை விரலைக் காட்டினது மூணு தடவை இல்ல, ரெண்டு தடவைதான். அங்க பாறை இடுக்குல ஊதா நிறத்துல ஒரு மீன் என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. யாரைக் கேட்டாலும் தெரியலைங்கிறாங்க. அது பேரு என்னம்மா? ஞாயித்துக்கிழமை போனை நான் எடுக்கிறேன்.

அப்பா