காற்று நின்ற தொட்டி

செவ்வாய், இரவு

என்னைக் கேட்காமல் மேனேஜர் நான் பார்த்துக்கொள்ளும், தோல் பதனிடும் டேனரிகளின் பொதுக் கழிவுத் தொட்டிக்குக் காற்றடிக்கும் ஏரேட்டரை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டார். அநியாயம். காலையில் தண்ணீர் கறுத்து நாறியது. கழிவைத் தின்னும் பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்து, தொட்டியைக் காலி செய்து சாணி கரைத்துப் புதிதாக வளர்க்கக் கிளம்பினேன். அதுவரை டேனரிகள் மூடிக் கிடக்கும். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் மருமகள் ஸ்டெல்லா போனில் தடுத்தாள்.

"அவசரப்படாதீங்க மாமா. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் மாதிரி ஒண்ணு அதுங்கள்ல பலதுக்கு உண்டு, இனத்துக்கு ஒரு தினுசு. காத்து கம்மியானாலும் இருக்கற ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்கும்."

"அதுங்களுக்கு இன்னா ரத்தம்?"

"ரத்தம் இல்ல மாமா, பிடிவாதம். உங்களை மாதிரி."

ஏரேட்டரைப் போட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் நாற்றம் போய், தண்ணீர் பாக்டீரியா உயிரோடிருக்கும் பழுப்பு நிறத்துக்குத் திரும்பியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஸ்டெல்லாவுக்கும்தான் நன்றி.

இனி மேனேஜர் சுவிட்சைத் தொடக்கூடாது. என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஸ்டெல்லா ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மீதித் தினுசுகளையும் சொல்ல வேண்டும். நான் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.