பவுனம்மாள் கேட்கச் சொன்னது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14–6–1936

சென்னையிலிருக்கும் என் கண்மணி புஷ்பவல்லிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை அதிகம், இருமல் மட்டும் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய பத்திரிகையில் கர்ப்பத்தடை பற்றி அங்கே நடக்கும் வாதங்களைப் படித்தேன், இங்கேயும் நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராய் அதையே பேசித் திரிவதால் கோயில் வாசலில் தெரிந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அது கிடக்கட்டும்.

போன ஞாயிறு காலை தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். பெண்களிடம் வந்து பேசும்படி பவுனம்மாள் என்பவள் கைநாட்டு வைத்து வைகாசியில் கடிதம் போட்டிருந்தாள். கூலிகளை மேய்க்கும் கன்னையா கங்காணி வழிமறித்து, கூப்பிட்டது யார் என்று கேட்டான். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தவன் முகம் வெளிறிவிட்டது. “இவ எட்டாவது பிரசவத்துல செத்து மூணு மாசம் ஆச்சும்மா” என்றான். கடிதத்தை என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தார்கள், பாயின் நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. வீரம்மா என்பவள் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மெதுவாகச் சொன்னாள், “எங்க பேர போட்டா வேலை போயிரும். செத்தவளுக்கு என்னம்மா போகும்?” கடிதம் போட்டது அவர்கள்தான், பெருவிரல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. காரணம் தெரிந்த பிறகும் பயம் விடவில்லையடி. நான் பேசி முடித்ததும் ஒவ்வொருத்தியும் அந்தக் காலி இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பவுனம்மா கேட்கச் சொன்னாள் என்றே ஆரம்பித்தாள், பிள்ளைக்குப் பிள்ளை எத்தனை வருஷம் விடலாம், புருஷன் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் அந்த இடத்தைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வீரம்மா கேட்டாள், “போன வருஷம் சித்திரையிலயே லெட்டர் போட்டாளே, அப்ப ஏன் வரலைன்னு கேக்கச் சொன்னா.”

அந்தக் கடிதம் வந்தது உண்மை. கிள்ளானில் பெரிய கூட்டம், பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று அதை ஒதுக்கி வைத்தேன், பிறகு மறந்தே போனேன். கணக்குப் பார்த்தால் அப்போது அவள் வயிற்றில் பிள்ளை தரித்திருக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். மறந்துவிட்டேன் என்று அந்த வெறும் பாயைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் எழுந்து போனார்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் எழுதாதே. குழந்தைக்கு இப்போதுதான் வயது ஒன்று, மாப்பிள்ளையிடம் கூச்சப்படாமல் பேசு, உன் உடம்பைப் பார்த்துக்கொள். மஞ்சள் குங்குமத்தோடு தீர்க்காயுசாய் இரு தாயே.

உன் அம்மா,
இராஜம்மாள்