வேலை செய்யாத சிவப்புப் பொத்தான்

அம்முவுக்கு,

உன் அண்ணனுக்குக் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? "நான் ஒரு நொடி முன்னாடி அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தா அண்ணன் விரல் தப்பியிருக்குங்க" என்று நேற்றும் போனில் அழுதாய். "விடும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நம் வீட்டுப் பின்னறையில் நான் கட்டிய மரம் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷினில், மோட்டார் கேபிளையும் அவசரப் பொத்தானின் வயரையும் ஒரே குழாயில் விட்டிருந்தேன். அப்படி விடக்கூடாது. மோட்டார் ஓடும்போது பொத்தான் வயரில் பொய் சிக்னல் கிளம்பி, மெஷின் பாதி வேலையில் நின்றுவிடும். இரண்டையும் பிரித்துப் போட அரை நாள் போதும். சோம்பல்பட்டு, பொத்தானுக்குப் போகும் இரண்டு வயரையும் பொத்தானைத் தொடாமல் நேராக ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். அதன்பிறகு அதை அமுக்கினாலும் ஒன்றுதான், அமுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

சட்டைக் கை சிக்கி அண்ணன் கத்தியதுமே நீ பாய்ந்து அமுக்கினாய். நான் பார்த்தேன். அப்போது அவர் விரல்கள் முழுசாக இருந்தன.

மெஷின் நிற்கவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். "நல்லவேளை, மாப்பிள்ளை இருந்தாரு" என்றார் உன் அப்பா. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை உன் அப்பா வீட்டுக்கு வருகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்