துளசியில் மொய்ப்பவை

புரட்டாசி 8, புதன்

காலையில் தூறல். ஸ்கூல் ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தது: துளசிப் பாத்தியிலும் பக்கத்துக் கொய்யாவிலும் ஏதோ மொய்க்கிறது. எறும்பைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு உடம்பு, மஞ்சள் கோடு, ஒடுங்கிய இடுப்பு. குளவிக் குஞ்சா? அப்படி ஒன்று உண்டா? அதே யோசனையில் வருகைப் பதிவேட்டில் இரண்டு தப்பு.

போன வருஷம் என் வீட்டுக்காரரைக் குளவி கொட்டித் தொண்டை அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி போவதற்குள் உதடு நீலம். "இன்னொரு வாட்டி கொட்டினா தாங்காது" என்றார் டாக்டர். இவர் மறந்தாயிற்று. பயம் மொத்தமும் என் தலையில்.

9, வியாழன்

வெயில். போட்டோ எல்லாம் மங்கல். போனில் தேடினால் ஒருமுறை குளவி, ஒருமுறை தேனீ. விழுந்த கொய்யாவை அறுத்தேன், உள்ளே வெள்ளைப் புழு.

சனிக்கிழமைத் துளசியைக் கடையில் வாங்கலாம் என்றேன்.

"பதினாலு வருஷமா நம்ம வூட்டுத் துளசிதான் பெருமாளுக்குப் போயிக்கினு இருக்குது. புரட்டாசி அதுவுமா கடையில வாங்கறதா?"

"கொட்டிட்டா?"

"பூச்சிக்கு வேற வேல இல்லயா, போம்மா."

10, வெள்ளி

ஒன்றைப் பாட்டிலில் பிடித்தேன். ஸ்கூலுக்குக் கொண்டுபோனால் விலங்கியல் விமலா டீச்சர் லீவு. படம் அனுப்பினேன், இன்னும் பார்க்கவில்லை.

வாங்க: பால், திரி, கற்பூரம், பூச்சிமருந்து.

சாயங்காலம் இவர் வாக்கிங் போனதும் பாத்தி முழுக்க அடித்தேன். சொல்லவில்லை. துளசிக்கு மருந்தா என்று குதிப்பார். இவருக்கு ஜலதோஷம், மருந்து வாசனை தெரியாது. நாளைக்கு நான் முதலில் எழுந்து, செடி வாடிவிட்டது என்று சமாளிக்க வேண்டும்.

11, சனி

தூங்கிவிட்டேன். எழுந்தால் ஆறு. பாத்தி மொட்டை. இவர் மாலை கட்டி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயாயிற்று. போன் எடுக்கவில்லை. சாத்தின துளசியைத்தானே தீர்த்தத்தோடு கொடுப்பார்கள். குழந்தைகள்கூட வாயில் போடுமே.

ஆட்டோவில் போகும்போது டீச்சர் பதில்: "மேடம், ரெண்டே இறக்கை. பழ ஈ. கொய்யாவுல இருந்து வருது, துளசி வாசனைன்னா அதுக்கு உயிர். கொட்டாது."

வரிசையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கூடை பட்டர் கையில். "சாமி, சாத்தாதீங்க. மருந்து அடிச்சிருக்கேன்." அத்தனை பேர் முன்னாலும். பட்டர் கூடையைத் தூர வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மாலையைக் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். மண்ணைத் தள்ளி மூடியபின் சொன்னார்: "கொட்டியிருந்தா என்னை மட்டுந்தானே கொட்டியிருக்கும்."

12, ஞாயிறு

மேகமூட்டம். காபி டம்ளரை இவர் பிடித்த விதம் சரியில்லை என்று பார்த்தால், விரலெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது.

"ஒண்ணும் இல்ல. அரிக்குது, அவ்ளோதான்."

வெறுங்கையால் பறித்த இலைகள். கோயிலை நினைத்தேன், கூட்டத்தை நினைத்தேன். இந்தக் கையை நினைக்கவில்லை.

பூச்சிமருந்துப் பாட்டிலையும் பையில் வைத்துவிட்டேன், டாக்டர் கேட்பார். ஆட்டோ வந்துவிட்டது.