பன்னிரண்டாவது வரிக்கு நேரே

மச்சான்,

உன் மனைவி தந்த பையைத் திறந்ததும் முதலில் வந்தது உன் தைலத்தின் மணம்தான். பிறகுதான் புத்தகம் கண்ணில் பட்டது. சுவிசிலிருந்து உன் மருமகன் உனக்கு அனுப்பிய அந்த மெல்லிய சுற்றுலாப் புத்தகம். அட்டையில் பச்சை வெளி, அதற்குப் பின்னால் வெள்ளை மலைகள், முன்னால் கழுத்து மணியோடு ஒரு மாடு.

போன மாதம் உன் மனைவி வந்திருந்தா. தேத்தண்ணீரைக் குடிக்காமல், கைப்பையிலிருந்து கோயில் பூசைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தா.

"அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ."

"என்ன, சோதினையோ?"

"ஓம், சோதினைதான். வாசியுங்கோவன்."

விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, இரண்டு வரி வாசித்தேன். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிடச் சந்தோசம் இருக்குமோ தெரியாது. நீ கண்மூடிய பிறகு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்காலை மடித்து இருந்து ஒன்றரை வருடம் படித்தேன். இப்போது அரிசிப் பையை வாசிக்கிறேன். மருந்துக் கடை கலண்டரை வாசிக்கிறேன். 'ழ' வந்தால் கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். வாசித்து முடித்து நான் நிமிர்ந்தபோது உன் மனைவி அழுதுகொண்டிருந்தா.

"அவர் சொன்னவர், நீங்கள் வாசிக்கப் பழகினாப் பேந்துதான் இதைக் குடுக்கோணும் எண்டு. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது. பிரிச்சுப் பாக்கக் கூடாதெண்டு சொன்னவர்."

அப்படித்தான் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் நீ தமிழில் எழுதிய பட்டியல் இருந்தது. பிரெஞ்சில் இருந்ததையெல்லாம் வாசித்து, அந்த மலைமேல் வெளியில் பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று பதினொரு வரி. கடைசியில் நெருக்கி எழுதிய பன்னிரண்டாவது வரி. பன்னிரண்டுக்கும் நேரே பென்சிலால் ஒரே அளவில் சரி அடையாளம் போட்டிருந்தாய்.

அந்தச் சரி எனக்குப் பதினாறு வருடப் பழக்கம். இங்கே சென்ட் லோரன்ட் பண்டகசாலையில் நாங்கள் வேலை செய்தபோது பட்டியல் உன் கையில், பெட்டி என் தோளில். மாரிப் பனியில் லொறிக் கதவடியில் நின்றால் பேனை மை உறைந்துவிடும். அதனால் நீ உள்ளே சூட்டில் இருந்தே பட்டியல் முழுவதற்கும் முதலில் சரி போட்டுவிடுவாய். பிறகு நான் ஏற்றுவேன். "இன்னும் ஒரு பெட்டியும் ஏறேல்லை, அதுக்கிடையிலை சரியோ?" என்று கேட்டால், "நீ ஏத்துவாய்தானே சம்மாட்டி" என்பாய். மன்னாரில் ஒரு நாளும் சொந்தப் படகு இல்லாதவனை, எட்டு வயதில் கடலுக்குப் போனபடியால் கையெழுத்தே தெரியாதவனை, நீ படகுக்காரனாக்கி ஊர் சிரிக்க வைத்தாய். ஆனால் பதினாறு வருடத்தில் ஒரு பெட்டிகூட நிலத்தில் நின்றதில்லை. நீ சரி போட்டால் அது போய்விட்டது என்றுதான் அர்த்தம். நான் வாசிக்கக்கூடியதாக உலகத்தில் இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

இருவரும் ஓய்வு எடுத்த கோடையில் நீதான் என்னைச் சுவிசுக்கு, அந்த மலைக்கு, இழுத்துக்கொண்டு போனாய். உனக்கு மலை பார்க்கும் ஆசை. எனக்கு வேறு ஆசை, அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ தெரிந்துதான் இருந்தாய். என் மகள் அந்த நாட்டில், மலையிலிருந்து இரண்டு மணித்தியால ரயில் தூரத்தில் இருந்தாள். தாய் இங்கே செத்தபோது அவள் வரவில்லை. அகதி விண்ணப்பம் முடியாமல் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது என்று எழுதியிருந்தாள். அதை நீ எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாய். நான் அதைக் காரணமாக எடுக்கவில்லை. ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்கு அவள் கடிதம் போட்டாள். நீ வாசித்தாய், நான் கேட்டேன், பதில் போடவில்லை. ஆறு வருடம்.

அந்த வெளி அழகானதுதான் மச்சான், பொய் சொல்ல மாட்டேன். கேபிள் கார் மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால், மலைக்கு மேலே யாரோ பாய் விரித்த மாதிரிச் சமமான புல். நாங்கள் தங்கிய மரவீட்டின் ஜன்னலில் சிவப்புப் பூச்சட்டி. குளத்தைச் சுற்றி நடந்தோம். வளைக்குள் இருந்து எழும்பி நின்று விசிலடிக்கும் கொழுத்த அணில் மாதிரி ஒரு பிராணியைப் பார்த்து நீ தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னாய். ஒரு கொட்டிலில் செப்புக் கிடாரத்தில் பால் காய்ச்சிச் சீஸ் செய்தார்கள். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றாய், பிறகு இன்னொரு துண்டு கேட்டாய். மாட்டு மணி விடிய ஒலிக்கத் தொடங்கினால் பொழுதுபடும் வரைக்கும் நிற்காது. எனக்கு அது கோயில் பக்கத்தில் குடியிருப்பது போல இருந்தது.

ஆனால் நீ மலையைப் பார்த்ததைவிடப் பட்டியலைப் பார்த்ததுதான் கூட. காலைச் சாப்பாட்டு மேசையிலேயே அன்றைக்குப் பார்க்க வேண்டியவற்றுக்குச் சரி போட்டுவிடுவாய்.

"இன்னும் பாக்கேல்லையேடா!"

"பாக்கத்தானே போறம்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம், சீஸ் கொட்டிலிலிருந்து திரும்பும் வழியில், நான் கேட்டேன். மகளுக்கு ஒரு அட்டை எழுது என்று. நீ வாங்கிலில் இருந்து, அழகான எழுத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதினாய். "பிள்ளை, அப்பா இஞ்சை மலைக்கு வந்து நிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணிக்கு மேலே கேபிள் கார் வாசலில் நிப்பன். வா. கோபம் இல்லை."

"ஏன் சம்மாட்டி, நாங்களே நேரை வீட்டை போவமே? இல்லாட்டி ரெலிபோன் எடுப்பம்."

"கடல் தாண்டி வந்தது நான். மிச்ச இரண்டு மணித்தியாலம் அவள் வரட்டும்."

அது என் திமிர். அதை உன் தலையில் கட்ட மாட்டேன். ரெலிபோனில் கதைத்தால் என் குரல் உடைந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

புதன்கிழமை காலை நீ மேசையில் இருந்து பன்னிரண்டாவது வரியை எழுதினாய். 'மகளுக்கு அட்டை போடுவது.' வழக்கப்படி அதற்கும் சரி போட்டாய். அட்டை மடங்கக்கூடாது என்று புத்தகத்தின் பின்னட்டைப் பைக்குள், மடித்த வரைபடத்துக்குள் வைத்தாய். அந்த நேரம் அடுத்த முகட்டுக்குப் போகும் முதல் வண்டிக்கு மணி அடித்தது.

"ஓடு சம்மாட்டி! இதை விட்டால் சறுக்கு வண்டிக்கு லைன் கூடிப்போடும்!"

இரண்டு கிழவர்கள் ஓடினோம். மஞ்சள் தபால் பெட்டியைத் தாண்டித்தான் ஓடினோம். அந்தப் பெட்டி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தண்டவாளச் சறுக்கு வண்டியில் இறங்கும்போது நீ குழந்தை மாதிரிக் கத்தினாய். மேலே திரும்பி வரும்போது நான் கேட்டேன்.

"அட்டை?"

நீ புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாய். "சரி போட்டிருக்கு, பார்."

பார்த்தேன். சரி இருந்தது. நம்பினேன்.

வாழ்நாள் முழுவதும் ஏற்றினவன் நான். அந்த ஒரு பெட்டியை நீ ஏற்ற வேண்டியிருந்தது மச்சான். ஒரே ஒரு பெட்டி. ஒரு சாமானை உன் கையாலும் ஏற்ற வேண்டி வரும் என்பதே உனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முதலே வாசலில் நின்றேன். கால் மணித்தியாலத்துக்கு ஒரு வண்டி. கதவு திறக்கும், ஆட்கள் இறங்குவார்கள், கதவு மூடும். ஒரு தரம் நீலச் சட்டையோடு ஒரு தமிழ்ப் பெண் இறங்கினாள். நான் இரண்டடி முன்னால் போய்விட்டேன். அவள் வேறு ஆள். நீ குளத்தில் படகு விடப் போகவில்லை. பட்டியலில் அது மட்டும்தான் மிச்சம், அதற்கும் சரி போட்டிருந்தாய், ஆனாலும் போகவில்லை. பாணும் சீசும் வாங்கி வந்து பக்கத்தில் இருந்தாய். "வேலை நாளாய் இருக்கும்" என்றாய். "ஞாயிற்றுக்கிழமை என்ன வேலையடா?" என்றேன். கடைசி வண்டி இறங்கும்வரை இருந்தோம்.

அந்த நத்தாருக்கும் அவள் கடிதம் வந்தது. நீ வாசித்தாய். நான் மலைக்கு வந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. "பார், ஒரு சொல்லும் இல்லை!" என்று கத்தினேன். அவளுக்குத் தெரியாததை அவள் எப்படி எழுதுவாள்? எனக்குத்தான் அது தட்டுப்படவில்லை. படித்த உனக்குமா?

"எழுது. இனிமேல் கடிதம் போடாதே எண்டு எழுது."

"யோசிச்சுச் சொல்லு மச்சான்."

"எழுதடா."

எழுதினாய். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கி, மூலையில் டெபனர் கடையடித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "போட்டிட்டன்" என்றாய். அது போய்ச் சேர்ந்தது. போகவேண்டியது வரைபடத்துக்குள் கிடந்தது, போகக்கூடாதது அன்றைக்கே போனது. அதற்குப் பிறகு நத்தாருக்கு ஒன்றும் வரவில்லை.

பின்னட்டைப் பைக்குள் அட்டையோடு ஒரு துண்டு இருந்தது. உன் வழக்கமான ஓடும் எழுத்தில்லை. பெரிய எழுத்து, இடைவெளி விட்டு, முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதியது போல.

'மச்சான், அட்டை போகவில்லை. இன்றைக்குத்தான் கண்டேன். சொல்ல வாய் வரவில்லை. பிழை என்னுடையது. மகளுடையது அல்ல.'

உன் மனைவி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோதும் நான் இரண்டாவது வரியில்தான் நின்றேன். அடியில் நாள் போட்டிருந்தாய். நீ சாவதற்கு இரண்டு வருடத்துக்கு முந்திய நாள்.

இரண்டு வருடம்! ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து என் வீட்டில் கடதாசி விளையாடினாய். நான் என் பிள்ளையைத் திட்டினேன், கல் நெஞ்சுக்காரி என்றேன். நீ கடதாசியைக் கலைத்துக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் மட்டும், "அவளிலை பிழை இல்லாமலும் இருக்கலாம்" என்றாய். அதற்குள் உன் துணிச்சல் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் என்னைப் படி படி என்று அரிக்கத் தொடங்கினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கதை. "நான் வாசிச்சது காணும். இனி நீயே வாசி." நான் அதை அன்பு என்று நினைத்தேன். அன்பும் இருந்திருக்கும். ஆனால் நீ கோழை. வாயால் சொல்ல வேண்டியதை, நான் எழுத்துப் படித்து, நீ செத்து, உன் மனைவி கொண்டுவந்து தரும் வரைக்கும் தள்ளி வைத்த கோழை. நான் படிக்கும் முன் செத்திருந்தால்?

அவளுடைய பழைய கடிதங்களை எடுத்து நானே வாசித்தேன். நீ ஒரு வரியும் விடவில்லை, ஒன்றும் கூட்டவில்லை. அதில் நேர்மையாகத்தான் இருந்திருக்கிறாய். 'அப்பா சாப்பிடுறாரோ' என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறாள். நீ வாசித்தபோது அது காதால் போனது. விரலை வைத்து வாசித்தபோது நகர முடியவில்லை.

அன்றைக்கே அந்த மலை அட்டையை ஒரு கடித உறைக்குள் வைத்தேன். கூடவே ஒரு தாளில் நானே எழுதினேன். 'பிள்ளை, இதை அப்பா எழுதுறன். என் கை.' அதற்கு மேல் வரவில்லை. முகவரி ஆங்கில எழுத்து, எனக்குத் தெரியாது. அவளுடைய பழைய உறையைப் பார்த்து, படம் கீறுவது போல் கீறினேன். நானே கொண்டுபோய்ப் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகும் மூடியைத் திறந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, உன் பன்னிரண்டாவது சரியை அழிறப்பரால் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை, தாளில் தடம் நிற்கிறது. அந்த இடத்தில் நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.

மூன்று கிழமையாகிறது. அவள் வீடு மாறிப் போயிருக்கலாம். என் எழுத்து விளங்காமல் இருக்கலாம். விளங்கியும் எழுதாமல் விடலாம், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. உன்னை நான் மன்னிக்கவில்லை மச்சான், மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது ஏற்றாமல் போட்ட சரியாகிவிடும். ஆனால் நீ அரித்து அரித்துப் படிக்க வைத்த கண் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் படியிறங்கித் தபால் பெட்டியைத் திறக்கிறேன். பீட்சாக்கடை நோட்டீசு, கரண்ட் பில், கோயில் கடிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, தமிழில் ஒரு எழுத்தாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். பெட்டியைப் பூட்டிவிட்டு மேலே வந்து, மேசையில் பென்சிலைச் சீவி வைக்கிறேன்.